துணைப் பயணியின் உறவுமுறை

ஆழ்வார்திருநகரி
12 ஜூன் 2024

மதிப்புக்குரிய திரு. பால்துரை அவர்களுக்கு,

ஆராவமுதன் எழுதுவது. இங்கே நானும் ஜெயலக்ஷ்மியும் சௌக்கியம். முத்தையாபுரத்தில் தாங்களும் தங்கள் துணைவியாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாம் நான்கு வருஷமாகச் சம்பந்திகள். ஆனால் இதுதான் முதல் கடிதம். என் மகள் பத்மஸ்ரீயும் தங்கள் மகன் பாண்டியராஜனும் திருச்செந்தூரில் மாலை மாற்றிக்கொண்ட அன்று நான் இங்கே புத்தக அலமாரிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். ஜாதி விட்டு, முறை இல்லாமல் நடந்த கல்யாணம் என்று நான் ஒப்பவில்லை. "இனி நீ என் வாசலுக்கு வராதே, நானும் உன் வாசலுக்கு வரமாட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். அது தங்களுக்குத் தெரியும். சொன்னது சொன்னதுதான். இக்கடிதம் அதைப் பற்றியதல்ல.

விஷயம் இதுதான். என் பென்ஷன் வரும் வங்கியில் செந்தில்வேல் என்று ஓர் அதிகாரி. என்னைக் கண்டதும் இரண்டு வண்ணக் காகிதங்களை நீட்டினார். இரண்டுமே கிரெடிட் கார்டு. ஒன்று வங்கியே தரும் பயணக் கார்டு. செலவழிக்கச் செலவழிக்கப் புள்ளி சேரும், அதை வைத்து எந்த விமானத்திலும் போகலாம். மற்றது ஒரு விமானக் கம்பெனியும் வங்கியும் கூட்டுச் சேர்ந்து தருவது; புள்ளி சீக்கிரம் சேருமாம், ஆனால் அந்தக் கம்பெனி விமானத்தில்தான் போக வேண்டும். எது உத்தமம்?

எனக்குப் பயண உத்தேசம் எதுவும் கிடையாது. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவுதான். தங்கள் மொத்த வியாபாரக் கடையில் எல்லாமே கார்டில்தான் நடக்கிறது என்று ஜெயலக்ஷ்மி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவள் போனில் யாரிடம் பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை.

போனில் கேட்டிருக்கலாம். நான் போனில் பேசினால் சன்னிதித் தெரு முழுக்கக் கேட்கும். ஆகவே தபால்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், மற்றவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஆராவமுதன்

பி.கு.: மெல்போர்னில் இந்த மாதம் கடுங்குளிர் என்று செய்தித்தாளில் பார்த்தேன். அங்கே வெயில் எப்போது வரும்? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

*

முத்தையாபுரம்
20 ஜூன் 2024

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

பால்துரையின் வணக்கம். நான் சுகம், சீனித்தாய் சுகம், கடையும் சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் மூட்டுவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சீனித்தாய் எழுதச் சொன்னாள். மூட்டுவலி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்பதில்லை.

உங்கள் கவர் வந்தபோது கடையில் ரோச் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். கால் கிலோ சீனி வாங்க வந்தால் கால் நாள் நிற்பார்.

"என்னவே, ரிஜிஸ்தர் தபாலு? கோர்ட் நோட்டீஸா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. சம்பந்தி எழுதியிருக்காரு."

"நாலு வருசம் கழிச்சா? அப்பம் நோட்டீஸேதான்."

பிரித்துப் படித்தேன். ஐயா, நான் பி.காம். படித்தவன், நாலாயிரம் பேருக்குப் பில் எழுதியிருப்பேன். இப்படி ஒரு கையெழுத்தைப் பார்த்ததில்லை. கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் கவரைச் செருகி வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில், வங்கிக் கார்டு. வியாபாரி கண்ணில் வங்கிப் புள்ளி என்பது ரொக்கம் மாதிரி. எந்தச் சந்தையிலும் செல்லும். விமானப் புள்ளி ஒரே கடையின் கூப்பன். அந்தக் கடை ஷட்டரை இறக்கினால் கூப்பனை வைத்து விசிறிக்கொள்ளலாம். நம் வாகைகுளம் ஏர்போர்ட்டுக்கு வருகிற விமானமே கொஞ்சம். அதிலும் ஒரே கம்பெனியை நம்பி உட்காருவானேன்?

ரோச் அண்ணாச்சி வேறு சொல்லுதார். அந்தக் காலத்தில் இங்கே முத்துக் குளித்த சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்களாம். எடுத்தவன் வீட்டுக்குப் போய்த் திறந்தால்தான் உள்ளே முத்தா, வெறும் நாற்றமா என்று தெரியும். "கார்டுப் புள்ளியும் அந்தச் சிப்பிதாம்வே" என்கிறார். அதனால்தான் சொல்கிறேன். எங்கும் விற்கிற சிப்பியாக வாங்குங்கள். என் கடைச் சரக்கு முழுவதையும் நான் வங்கிப் பயணக் கார்டில்தான் எடுக்கிறேன்.

பயண உத்தேசம் இல்லாதவர் பயணக் கார்டு கேட்பதில் தப்பே இல்லை. மழை வருமுன் குடை வாங்குகிறவர் கெட்டிக்காரர்.

அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
பால்துரை

மெல்போர்னில் வெயில் மார்கழி, தை, மாசி. பொது அறிவுக்குச் சொன்னேன்.

*

ஆழ்வார்திருநகரி
5 ஜூலை 2024

அன்புள்ள திரு. பால்துரை அவர்களுக்கு,

இருவரும் க்ஷேமம். மூட்டுவலி பரவாயில்லை என்று தங்கள் துணைவியாருக்குத் தெரிவிக்கவும். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சிப்பி உவமையை மிகவும் ரசித்தேன். நான் வேலை பார்த்த நூலகத்தில் பொருளாதாரத்துக்கு மூன்று அலமாரி. அவற்றில் இவ்வளவு தெளிவு இல்லை. ஆனாலும் தங்கள் தீர்ப்பிலிருந்து மாறுபடுகிறேன். காரணம் சம்பிரதாயம்.

எங்கள் வைஷ்ணவர்களில் ஒரு பழைய விவாதம் உண்டு. பகவான் ஜீவனை எப்படிக் காப்பாற்றுகிறான்? குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் விழுந்துவிடும். பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும். தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். வடகலையார் குரங்குக் கட்சி. தென்கலையாராகிய நாங்கள் பூனை.

வங்கிக் கார்டு குரங்கு என்பது காகிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. புள்ளியை நானே எடுத்து, எந்த விமானம் லாபம் என்று நானே ஆராய்ந்து, நானே மாற்றிக்கொண்டு, மரத்துக்கு மரம் தாவ வேண்டும். விமானக் கார்டில் புள்ளி தானாகப் போய் அந்தக் கம்பெனியின் காலடியில் விழுந்து கிடக்கிறது. அவர்களே கவ்விக்கொண்டு போவார்கள். கழுத்தில் பல் படும் என்பது வேறு விஷயம். தென்கலையானுக்கு இதில் தேர்வே இல்லை. விமானக் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரே குறை, அந்தப் புள்ளிகள் காலாவதி ஆகுமாம். எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் ஆதிச்சநல்லூர். அங்கே தாழியில் வைத்துப் புதைத்த நெல் உமிகூட இத்தனை காலம் தாக்குப் பிடித்திருக்கிறது. விமானப் புள்ளி சில வருஷத்திலேயே மக்கிவிடும் என்கிறார் செந்தில்வேல்.

பாஸ்போர்ட் ஒன்றும் எடுத்து வைத்தேன். முகவரிச் சான்றாக எதற்காவது உதவும்.

நலம் பெருகட்டும்.

ஆராவமுதன்

*

முத்தையாபுரம்
14 ஆகஸ்ட் 2024

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் எழுத நாளாகிவிட்டது.

உங்கள் பூனை, குரங்கு கடிதத்தைச் சீனித்தாயிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எவ்வளவு படிச்ச மனுசன்! ஒரு அட்டைய வாங்குததுக்கு வைகுண்டம் வரைக்கும் போயிட்டு வாராரே" என்றாள். அது பாராட்டு. அவள் வாயிலிருந்து எனக்கு இதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை.

இப்போது கடையில் கார்டு தேய்க்கிறவர்களைப் பார்த்தவுடன் பூனையா, குரங்கா என்று பிரித்துவிடுகிறேன். ரோச் அண்ணாச்சி ரொக்கம்தான் கொடுப்பார். அவரை எதில் சேர்ப்பது?

உங்கள் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சந்தோஷம். முகவரிச் சான்று எவ்வளவு இருந்தாலும் நல்லது.

இன்னொரு விஷயம். மெல்போர்னில் மருமகளுக்குத் தை மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மசக்கை இப்போதுதான் குறைந்திருக்கிறதாம். அம்மா சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை என்றால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
பால்துரை

*

முத்தையாபுரம்
30 செப்டம்பர் 2024

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன கடிதத்தில் கடைசிப் பாராவை எழுதியிருக்கக் கூடாதோ என்று மனசு அரிக்கிறது. வியாபாரி வாயில் பொருள் தங்காது.

எனக்கு நேர்ந்த அவமானத்தை எழுதுகிறேன். படித்துச் சிரித்தாவது பதில் போடுவீர்கள் என்று ஆசை. என் வங்கிப் புள்ளி முழுவதையும் முடக்கிவிட்டார்கள். வங்கியிலிருந்து ஓர் அம்மாள் போன் பண்ணியபோது கடையில் கூட்டம். நான் கை வேலையாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"சார், இது தனிநபர் கார்டு. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். போன மாசம் உங்க கார்டுல லாரி லாரியா துவரம்பருப்பு வாங்கியிருக்கீங்க. உங்க வீட்ல எத்தனை பேர் சார்?"

"நானும் வீட்டுக்காரியும்மா."

ரோச் அண்ணாச்சி பக்கத்தில் வந்து, "சாம்பார் பிரியர்னு சொல்லும்வே" என்றார். அது அந்த அம்மாளுக்கும் கேட்டுவிட்டது.

தப்பு என்னுடையதுதான். எங்கள் ஆட்களுக்கு வீடு வேறு, கடை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கல்லாவிலிருந்து எடுத்துத்தான் வீட்டுக்கு மீன் வாங்குகிறோம். வீட்டு உரலில்தான் கடை மிளகை இடித்தோம். கார்டை மட்டும் பிரி என்றால் எப்படிப் பிரிப்பது? விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதினால் அவர்கள் அழுதுகொண்டே புள்ளியைத் திருப்பித் தருவார்கள். நான் எழுதினால் பில் மாதிரி இருக்கும்.

இந்தப் புள்ளியை நான் ஒரு காரியத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். எது என்று இப்போது சொல்லவில்லை.

இரண்டு வரி போடுங்கள்.

பால்துரை

*

ஆழ்வார்திருநகரி
18 அக்டோபர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். தபால்தலை தீர்ந்துவிட்டது.

வங்கிக்குத் தாங்கள் அனுப்ப வேண்டிய விளக்கத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். வீடும் கடையும் ஒன்றாக இருப்பது குற்றமல்ல, குடும்பத் தொழிலின் இலக்கணம் என்று நிறுவியிருக்கிறேன். பருப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பவும்.

ஒன்று சொல்ல வேண்டும். லாரிப் பருப்பைச் சொந்தக் கார்டில் வாங்கிய துணிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தாங்கள் வழி காட்டினீர்கள். நான் சிறிய அளவில் பின்பற்றுகிறேன். என் பென்ஷனில் நான் செலவழிக்கும் வேகத்தில் புள்ளி சேர்ந்தால் திருச்செந்தூர் வரைகூடப் பறக்க முடியாது. ஆகவே எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கரண்ட் பில்லையும் சிலிண்டரையும் நானே என் கார்டில் கட்டிவிட்டு, அவர்களிடம் ரொக்கம் வாங்கிக்கொள்கிறேன். மாதமொரு முறை பையுடன் வீடு வீடாகப் போகிறேன்.

எதிர்வீட்டு அச்யுதன் என்னைக் கட்டிக்கொண்டார். "வயசானவாளுக்கு ஆத்து வாசல்லயே வந்து பில் கட்டறாய். இதுன்னா கைங்கர்யம், ஆராவமுதா!" என்றார். நான் மறுக்கவில்லை. கைங்கர்யத்துக்குப் பலன் உண்டு என்றுதான் சம்பிரதாயமும் சொல்கிறது. எத்தனை புள்ளி என்று சொல்லவில்லை.

ஜெயலக்ஷ்மி மட்டும் நேற்று வாசலில் நின்று, "தெருவுக்கே விளக்கு போடறேள். ஆத்துல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள். தையில் அவளை மெல்போர்னுக்கு அனுப்பலாம் என்று யோசிப்பதாகச் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று காபி இரண்டாம் முறையும் வந்தது.

அவள் தனியாக விமானம் ஏறியதில்லை. கூடப் போக ஆளில்லை என்பதுதான் கவலை.

கம்பளிச் சட்டை ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். ஆண்கள் அளவு. இங்கே மார்கழியில் உதவும்.

வணக்கத்துடன்,
ஆராவமுதன்

*

முத்தையாபுரம்
6 நவம்பர் 2024

சம்பந்தி ஐயாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் விளக்கக் கடிதத்தை அனுப்பினேன். வங்கி அம்மாள் மறுபடி போன் பண்ணினார். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. "சார், லெட்டர் நீங்களே எழுதினதா? எங்க மேனேஜர் ரெண்டு தடவை படிச்சாரு" என்றார். பாதிப் புள்ளி திரும்ப வந்துவிட்டது. மீதிப் பாதி பருப்புக்குத் தண்டனை. இனிமேல் கடைக்கு வேறு கார்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பேனா ஒரு விமானத்தின் பாதி இறக்கை, ஐயா.

நீங்கள் பையுடன் வீடு வீடாகப் போவதை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் அப்பா பனங்கருப்பட்டியைத் தலைச்சுமையாக இப்படித்தான் வீடு வீடாக விற்றார். அவர் இருந்தால் உங்களைப் பங்காளியாகச் சேர்த்துக் கடை போட்டிருப்பார்.

அம்மாவுடன் போக ஆளில்லை என்கிறீர்கள். எனக்கு ஓர் ஆளைத் தெரியும். ஆழ்வார்திருநகரியில் இருக்கிறார். பாஸ்போர்ட்டை முகவரிச் சான்றாக வைத்திருக்கிறார். அவர் அளவுக்குக் கம்பளிச் சட்டைகூட இருக்கிறது. கேட்டுப் பாருங்களேன்.

அன்புடன்,
பால்துரை

தையில் அங்கே கொளுத்தும் வெயில் என்பதையும் அவரிடம் சொல்லவும்.

*

ஆழ்வார்திருநகரி
10 டிசம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்கள் குறிப்பிட்ட நபரை விசாரித்தேன். அவர் எப்போதோ ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். கூப்பிடாத வாசலுக்குப் போகிற வழக்கமும் இல்லையாம். அவர் மகள் நான்கு வருஷத்தில் தாயாரிடம் எத்தனையோ பேசியிருக்கிறாள். ஒரு நாளும் "அப்பாவிடம் கொடு" என்று சொன்னதில்லையாம். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. என் விமானக் கார்டில் புள்ளி போதிய அளவு சேர்ந்துவிட்டது. அதோடு, வருஷம் ஒருமுறை ஒரு துணைப் பயணிக்கு டிக்கெட் இனாம். ஆகவே ஜெயலக்ஷ்மிக்குத் துணையாகத் தங்கள் துணைவியார் போகட்டும். இரண்டு பாட்டிகளும் போனால்தான் பிள்ளை பெற்றவளுக்கு உதவி. தயவுசெய்து மறுக்க வேண்டாம். இதற்காகத்தான் தெருவுக்குக் கரண்ட் பில் கட்டினேன்.

ஒரு சிறு சிக்கல் வந்தது; தீர்த்துவிட்டேன். இந்தக் கம்பெனிக்காரன் உறவு இல்லாதவர்களுக்கு டிக்கெட் தரமாட்டான். முன்கூட்டியே பெயரைப் பதிய வேண்டும். பெயருக்கு எதிரே உறவைக் காட்ட வேண்டும். அவன் கொடுத்த உறவுகள்: கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி. அவ்வளவுதான். சம்பந்தி இல்லை. செந்தில்வேல் மேலும் கீழும் தேடிப் பார்த்தார். "சார், அப்படி ஒரு உறவே அவங்களுக்குத் தெரியல" என்றார்.

நான் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "திருமதி சீனித்தாய், சகோதரி" என்று போடச் சொன்னேன். வயதைப் பார்த்தால் தங்கை. ஒருமுறை பதிந்தால் வருஷம் முழுக்க மாற்ற முடியாது என்று எச்சரித்தார். மாற்றப்போவதில்லை என்றேன்.

விசாவுக்கு ஜெயலக்ஷ்மியோடு எனக்கும் சேர்த்தே விண்ணப்பித்தது உண்மைதான். தம்பதியாகக் கேட்டால் கேள்வி குறைவு என்றார் ஏஜெண்ட். வேறு காரணம் இல்லை.

பயணத் தேதியும் விமான எண்ணும் தனித்தாளில் இருக்கின்றன; தங்கள் துணைவியாரின் சம்மதத்தை உடனே எழுதவும்.

ஆராவமுதன்

*

முத்தையாபுரம்
20 டிசம்பர் 2024

ஐயா,

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். சீனித்தாய் பதில் சொல்லுதாள். நான் எழுதுகிறேன். என் சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சொன்னபடி.

கடிதத்தைப் படித்ததும், "என்ன, நான் அந்த ஐயங்காருக்குத் தங்கச்சியா?" என்றாள்.

"விமானக் கம்பெனி கணக்குல அப்படித்தான்."

"அவரே போட்டாரா? வேற யாரும் போடலையே?"

"அவரேதான். மாத்த மாட்டேன்னு வேற சொல்லியிருக்காரு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பிறகு விரலை மடக்கினாள். "அப்பம் நான் பத்மாவுக்கு அத்தை. என் மவன் அவளுக்கு அத்தை மவன். முறைப்படி கட்ட வேண்டியவனத்தான் புள்ள கட்டியிருக்கா. அத்தை மவனக் கட்டுனதுக்கா இந்த மனுசன் நாலு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு?"

ஐயா, நான் பி.காம். இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நீங்கள் நூலகர், நீங்கள் பாருங்கள்.

அவள் விடவில்லை. "மக வாசலுக்குத்தானே வரமாட்டேன்னாரு? வராண்டாம். தங்கச்சி மவன் வாசலுக்கு வரமாட்டேன்னு சொன்னாரா? தங்கச்சி வீட்ல புள்ள பொறந்தா சீர் கொண்டு வாரது அண்ணன் வேலைல்லா. அண்ணன் வராம நான் மட்டும் வெறுங்கையோட ஏறுவேனா? போய்யா, எழுதும்."

எழுதிவிட்டேன். ரோச் அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டுச் சீனியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அன்று மருமகள் போன் பண்ணியபோது சீனித்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் பாண்டியும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் மருமகள் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அப்பாவேவா போட்டார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு சொன்னாள்: "மாமா, டிக்கெட் போட்டா அப்பாவுக்கு ஜன்னலோரமாப் போட்டுடுங்கோ. டவுன் பஸ்லகூட அவர் ஜன்னலோரம் கிடைக்கலைன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பார். நான்தான் ஓடிப்போய் இடம் போடுவேன்."

கூப்பிடாத வாசல் என்றீர்களே. இது கூப்பாடா இல்லையா என்று நீங்களே எந்த அலமாரியிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எந்தக் காரியத்துக்குப் புள்ளி சேர்க்கிறேன் என்று சொல்லவில்லை அல்லவா? உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்தேன். பருப்புத் தண்டனை போக மிச்சம் இருந்த புள்ளியில், அம்மாவும் சீனித்தாயும் போகிற அதே விமானத்தில் உங்களுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜன்னலோரம். வங்கிக் கார்டு நான் சொன்ன மாதிரியே நல்ல கார்டு, ஐயா. யாருக்கு டிக்கெட் என்று பெயர் கேட்டதே தவிர, அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்கவில்லை.

ரத்து செய்தால் புள்ளி திரும்ப வராது. ஒரு பொருள் வீணாவதை நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் வரவில்லை. பொங்கல் முடிந்த கையோடு கல்யாணச் சரக்கு. கடையை விட முடியாது.

இப்போது கேட்கிறேன்: நலமா?

பால்துரை

*

மெல்போர்ன்
16 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு,

தங்கையின் கணவரை எங்களில் அப்படித்தான் அழைப்போம். டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இம்முறை தபால்தலை இருந்தது, வார்த்தை தீர்ந்துவிட்டது.

தாயும் சேயும் பூரண க்ஷேமம். பெண் குழந்தை. மூக்கு எங்கள் வழி. குரல் கடை வழி. பசித்தால் முத்தையாபுரத்துக்குக் கேட்டிருக்கும்.

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாகைகுளத்திலிருந்து ஏறியதும் கீழே உப்பளமும் துறைமுகமும் கடலும் தெரிந்தன. இவ்வளவு காலம் அந்தக் கடற்கரையைப் பஸ் ஜன்னலில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தங்கள் கடையைத் தேடினேன், மேகம் மறைத்துவிட்டது.

மருமான் பாண்டியராஜன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். இங்கே பெரிய பெரிய கட்டடம் கட்டுகிற இன்ஜினியர் என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளாத குறைதான். வீட்டு வாசலில் நான் சற்றுத் தயங்கினேன். தங்கை பின்னாலிருந்து, "என்ன அண்ணாச்சி நிக்கீக? இது எம்மவன் வீடு. உள்ள வாங்க" என்றாள். போனேன்.

பத்மஸ்ரீ சோபாவில் இருந்தாள். எழுந்திருக்க முயன்றாள், வேண்டாம் என்று கை காட்டினேன். நான்கு வருஷத்துக்கான பேச்சை விமானத்திலேயே தயாரித்து வைத்திருந்தேன். முகவுரை, மூன்று பகுதி, முடிவுரை. அவள் என் கம்பளிச் சட்டையைப் பார்த்தாள். வெளியே அனல் வீசிக்கொண்டிருந்தது. "அப்பா, அதை முதல்ல கழட்டுங்கோ. குழந்தைக்குக் குத்தும்" என்றாள். கழற்றினேன். குழந்தையை மடியில் வைத்தாள். முகவுரை தேவைப்படவில்லை.

ஜெயலக்ஷ்மியும் தங்கையும் சமையலறையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். ரசம் ஒருத்தி, குழம்பு ஒருத்தி. மீன் குழம்பன்று நானும் ஜெயலக்ஷ்மியும் பூங்காவுக்கு நடக்கப் போகிறோம். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நல்ல ஏற்பாடு.

அச்யுதன் போன் பண்ணினார். இந்த மாதம் தெருவில் பாதிப் பேருக்குக் கரண்ட் பில் கட்டத் தவறிவிட்டதாம். என் கைங்கர்யத்தின் அருமை இப்போது எல்லாருக்கும் தெரிகிறதாம்.

இத்தனை மாதமாக நாம் வாதிட்ட விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷத் துணைப் பயணி டிக்கெட்டில் தங்களை அழைத்து வர வேண்டும் என்பது இங்கே எல்லாருடைய முடிவு. கம்பெனிக்காரனின் உறவுகளில் தங்கையின் கணவர் இல்லை. சரி, சகோதரன் என்று பதிந்துவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். நல்லவேளையாகத் தங்கைதான் தடுத்தாள். அவளும் என் சகோதரி, தாங்களும் என் சகோதரன் என்றால் தங்கள் கல்யாணம் என்ன ஆவது? ஒரு கல்யாணத்தை முறைப்படுத்தி முடிப்பதற்குள் இன்னொன்றைக் கெடுத்திருப்பேன்.

ஆகவே தாங்கள் சொன்னதே சரி. வங்கிக் கார்டுதான் உத்தமம். அது உறவு கேட்பதில்லை. பருப்பை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, புள்ளி சேர்த்து வந்து சேரவும். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த விமானத்துக்கு நிற்கவும். இங்கே நான் இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

ரோச் அண்ணாச்சிக்கு என் விசாரிப்பு.

தங்கள் மைத்துனன்,
ஆராவமுதன்